சதியபுதோவும் கருதுகோள் இலக்கணமும்

ஆய்வேடுகளின் முன்னுரையில் ‘கருதுகோள்’ என்றொரு தலைப்பு இன்று தவறாது இடம்பெறுகின்றது. அதன்கீழ்க் காணப்பெறும் தொடர் பெரும்பாலும் ஒரே வார்ப்பினது: ‘சங்க இலக்கியம் பண்டைத் தமிழரின் வாழ்வியலை எடுத்துக்காட்டுகின்றது என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.’ பல நூறு பக்கங்கள் கடந்தபின், அது மெய்ப்பிக்கப்பட்டது என முடிவுரை கூறும். மெய்ப்பிக்கப்படாது போதற்கு அத்தொடரில் வழி இருந்ததா என்று எவரும் வினவுவதில்லை. பிறரைக் குறைகூறுமுன் ஒன்று சொல்லிவிடுதல் நேர்மை. யான் எழுதிய ஆய்வேட்டிலும் இத்தகைய தொடரே இருந்தது. வாய்மொழித் தேர்வின்போது தேர்வாளர் ஒருவர், ‘எத்தகைய பாட்டொன்று கிடைத்தால் நீர் இக்கருத்தைக் கைவிடுவீர்?’ என்றார். யான் விடையின்றி நின்றேன். பட்டம் கிடைத்தது, விடை கிடைக்கப் பல்லாண்டுகள் ஆயின.

அவ்வினா கார்ல் பாப்பர் 1934-இல் செருமானிய மொழியில் வெளியிட்ட அறிவியல் முறை பற்றிய நூலின் சாரமாகும். ஒரு கூற்று அறிவியற் கூற்றாவது, இன்னது நிகழின் தான் பொய்யாம் என முன்னரே ஒப்புக்கொண்டு நிற்பதனாலேயே என்பது அவர்தம் கொள்கை. இது மேனாட்டுச் சரக்கு என ஒதுக்குவார்க்கு மணிமேகலையின் அளவை பற்றிய பகுதியை நினைவூட்டல் தகும். ஏது என்பது சபக்கத்தில் உளதாதல் போதாது; விபக்கத்தில் இலதாதலும் வேண்டும். இரண்டிடத்தும் உளதாயின் அஃது ஏதுப்போலியாம். நம் கருதுகோள்கள் பல சபக்கத்தை மட்டுமே தேடித் தொகுக்கின்றன. விபக்கத்தின் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை.

தமிழாராய்ச்சியில் முறையாகச் சோதனைக்கு உட்பட்ட கருதுகோள் ஒன்றேனும் உண்டா எனின், உண்டு. அசோகனின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு அவனாட்சிக்கு உட்படாத தென்னாட்டாரைக் கூறுமிடத்துச் சோழர், பாண்டியர், சதியபுதோ, கேதலபுதோ என நிரல்படுத்துகின்றது. சோழரும் பாண்டியரும் வெளிப்படை. கேதலபுதோ சேரர் என்பதிலும் பெரும்பாலும் கருத்து வேற்றுமை எழவில்லை. சதியபுதோ யார்? சத்தியமங்கலம் என்னும் ஊர்ப்பெயரைக் காட்டினர் சிலர். காஞ்சிக்குச் சத்தியவிரதம் என்னும் தொடர்புண்மை கொண்டு அந்நாட்டார் என்றனர் சிலர். மராட்டியரிடை வழங்கும் சாத்புதே என்னும் குடிப்பெயரைச் சுட்டினாரும், வாய்மையாற் புகழ்பெற்ற கோசரே எனத் துணிந்தாரும் உளர். கே. ஜி. சேஷையர் முதலியோர் தகடூர் அதியமான் மரபினரே சதியபுதோ என்றனர்.

முன்னைய கருத்துகள் பொய்யென்று அன்று எவரும் காட்டவில்லை. அவற்றின் குறை, காட்டுதற்கு இடமளியாமையே. ‘சத்திய’ என்னும் ஒலி எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் அவ்வேது பொருந்தும். ஊர், தலம், குடி, குணம் என நான்கு வேறு முடிபுகளுக்கு ஒரே ஏது இடங்கொடுப்பின், அதன் வலிமை என்னாம்?

அதியமான் கொள்கையோ தன்னை இடருக்கு உட்படுத்திக்கொண்டது. அதற்கு இரண்டு மொழிவிதிகள் வேண்டும். சகர முதற்சொல் தமிழில் அம்முதலெழுத்தை இழத்தல் ஒன்று. சமணர் அமணர் ஆதலும், சிராவணம் ஆவணி ஆதலும் அதற்குச் சான்று. மகன் என்பது மான் எனச் சுருங்குதல் மற்றொன்று. எனவே சதிய என்பது அதிய எனவும், புத்திரன் என்னும் பொருளுடைய புதோ மகன் எனவும் நிற்ப, அதியமகன் அதியமான் ஆகின்றான். இவ்விதி மெய்யாயின், அதே கல்வெட்டில் புதோ என முடியும் மற்றைப் பெயருக்கும் தமிழில் மான் ஈறு இருத்தல் வேண்டும். கேதலபுதோவுக்கு ஒப்பச் சேரமான் உளன். புதோ பெறாத சோழ, பாண்டியப் பெயர்களை மான் என முடித்து வழங்குதல் வழக்கன்று என்பதும் கருதற்பாலது. ஓரிடத்து உளதாய், மற்றோரிடத்து இலதாய் நிற்கும் இதுவே ஏது.

இவ்வளவிலும் இது மொழியியற் பொருத்தமே, வரலாற்றுச் சான்றன்று. 1981-இல் திருக்கோவலூர்க்கு அருகிலுள்ள சம்பையில் தமிழ் பிராமிக் கல்வெட்டொன்று காணப்பெற்றது. சமணர்க்கு அளித்த கற்படுக்கை பற்றியது அது. அதியன் நெடுமான் அஞ்சி என்னும் பெயர்க்கு முன்னே ‘சதியபுதோ’ என்னும் சொல் அதில் நிற்கின்றது. கொள்கையைக் கூறினோர் அறியாததும், அவர்கள் தேர்ந்தெடுத்துக் கொள்ளாததுமான சான்று இது. அவ்விடத்துக் கோசர் பெயரோ காஞ்சியார் பெயரோ இருந்திருப்பின் அதியமான் கொள்கை வீழ்ந்திருக்கும். கல்வெட்டின் மெய்ம்மையை ஐயுற்றாரும் உளர். எழுத்தமைதி கொண்டு அவ்வையம் ஆராயப்பட்டமையும் முறையே.

ஆயினும் அக்கல்வெட்டு காட்டாததையும் கூறுதல் வேண்டும். அஃது அசோகன் காலத்திற்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டது. நெடுமான் அஞ்சி அப்பெயரைத் தன் குடிப்பெயராகக் கொண்டான் என்பதே பெறப்படும். அசோகன் காலத்து அம்மரபினர் தகடூரிலேயே ஆண்டனர் என்பதற்கு வேறு சான்று தேடல் வேண்டும். சோதனையில் வென்ற கருதுகோளின் மீது சோதிக்கப்படாத செய்திகளையும் ஏற்றிவிடுதல் நம்மிடையே பெருவழக்காகிவிட்டது.

இலக்கிய ஆய்வுக்குக் கல்வெட்டுப் போன்ற புறச்சான்று வாய்ப்பது அரிது என மாணவர் கூறுவர். உண்மையே. ஆயினும் நூல்கள் பல உள. குறுந்தொகையைப் பயின்ற ஒருவர்க்குத் தோழி கூற்றில் விலங்கும் பறவையும் தலைவி கூற்றினும் மிகுதியாக வருகின்றன என்று தோன்றுகின்றது எனக் கொள்வோம். ‘சங்கப் புலவர் இயற்கையில் தோய்ந்தவர்’ என எழுதின் அஃது எந்நாளும் தோலாது, எதனையும் அறிவியாது. ‘தோழி கூற்றுப் பாடல்களுள் விலங்கோ பறவையோ பெயர் சுட்டப்பெறுவன, தலைவி கூற்றுப் பாடல்களில் அவ்வாறு வருவனவற்றினும் விழுக்காட்டில் மிகும்’ என எழுதின், எண்ணிப் பார்க்கலாம், தோற்கவும் கூடும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உள. குறுந்தொகையிலிருந்து எழுந்த எண்ணத்தைக் குறுந்தொகையின் 401 பாடல்களையே கொண்டு மெய்ப்பித்தல் தன் நிழலைத் தானே சான்றுக்கு அழைப்பதாகும். நற்றிணையைச் சோதனைக் களமாகக் கொள்க. எதனை எண்ணுவது என்பதையும் எண்ணத் தொடங்குமுன் எழுதி வைத்தல் வேண்டும். உவமையில் வரும் யானை கணக்கில் சேருமா? பெயர் கூறாது ‘புள்’ என்று மட்டும் வருவது சேருமா? எண்ணும்போது முடிவு செய்தால், நம் விருப்பமே நம்மை அறியாது எண்ணிவிடும். கூற்றுக் குறிப்புகள் பாடிய புலவர் எழுதியவை அல்ல என்பதும் ஓர் இடையூறு. அவை பின்னோர் வகுத்தவையாதலின், பாட்டின் விளிச்சொல்லாற் கூறுவார் ஐயமின்றி விளங்கும் பாடல்களை மட்டும் கொள்ளுதல் நன்று. எண்ணிக்கை குறையும், குறையட்டும். நற்றிணை அக்கருத்துக்கு இசையாது போயின், அவ்விசையாமையையே ஆய்வேட்டின் முடிபாக எழுதலாம். அதன்பொருட்டுப் பட்டம் மறுப்பதற்குத் தேர்வாளர்க்கு நியாயம் இல்லை.