கபாலிக்கு எத்தனை முடிவு?

கபாலி கடைசியில் என்ன ஆனார்? ரஜினி நடித்த 'கபாலி' படத்தை 2016 ஜூலையில் மலேசியத் தியேட்டரில் பார்த்தவரைக் கேட்டால், போலீசில் சரணடைந்துவிட்டார் என்பார். தமிழ்நாட்டில் பார்த்த அவருடைய சொந்தக்காரரோ, சுட்டுவிட்டார்கள் போலிருக்கிறது, சரியாகத் தெரியவில்லை என்பார். இருவரும் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். இயக்குநர் பா. இரஞ்சித் எடுத்த முடிவில் டைகர் என்ற பையன் கபாலியை நெருங்குகிறான், திரை இருட்டாகிறது, துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. அவ்வளவுதான். மலேசியப் பிரதியில், கபாலி சரணடைந்தார் என்று எழுத்தில் போட்டார்கள். தணிக்கையின் கைவரிசை அது.

இரண்டையும் ரசிக்க ஒரு வழி இருக்கிறது. முதலில் இருட்டில் முடிகிற பிரதியைப் பாருங்கள். இலையின் குணம் பால் கலக்காத தே ஓவில்தான் தெரியும், பால் கலந்த தே தாரிக்கில் தெரியாது என்று ரிங்லெட், தானா ராத்தா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருபத்தைந்து வருடச் சிறை, தோட்டத்துக் கூலிக்கான போராட்டம், தொலைந்த குடும்பம் என்று வந்த கதை, இந்த மனிதனை விட்டுவிடுவார்களா என்ற கேள்வியை நம் மடியில் போட்டுவிட்டு நிற்கிறது. பிறகு மலேசியப் பிரதிக்கு வாருங்கள். ஒட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று கவனியுங்கள். படத்தின் அத்தனை பெரிய திருப்பங்களையும் ரஜினி நடித்துக் காட்டுகிறார். சரணடைவதை மட்டும் எழுத்து நடிக்கிறது! ஒட்டுப்போட்டது இதைவிடப் பளிச்சென்று தெரியாது.

அந்த வரி படத்தைப் பலவீனமாக்குகிறது என்பதுதான் என் கட்சி. ஆனாலும் அந்தப் பிரதி அழிந்துபோகக் கூடாது. குற்றவாளி சட்டத்துக்குத் தப்புவதைத் திரையில்கூடப் பொறுக்காத ஒரு காலத்தின் சாட்சி அது.

ரசிகர்கள் வெட்டி ஒட்டும் துண்டுகள் வேறு ரகம். கோட்டு, நடை, 'நெருப்புடா' இசை என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். பார்க்கப் பார்க்க உற்சாகம்தான், மறுக்கவில்லை. ஆனால் எதை விட்டார்கள் என்று கணக்கெடுங்கள். கோட்டு போடுவதன் பின்னால் இருக்கும் அம்பேத்கர் பேச்சு போய்விடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கேள்விகள் போய்விடும். மனைவி குமுதவல்லியைத் தேடி அலையும் பொறுமையான காட்சிகள் போய்விடும். மிஞ்சுவது தோட்டத்துப் பின்னணியே இல்லாத ஒரு தாதா.

வெட்டி ஒட்டுவது நமக்குப் புதிதும் அல்ல. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், ரீல் அறுந்தால் ஆபரேட்டர் கிழிந்த பகுதியை நறுக்கிவிட்டு இரண்டு முனையையும் ஒட்டுவார். ஊர் ஊராகச் சுற்றிய பிரதியில் பாதிப் பாட்டுகூடக் காணாமல் போகும். ஒவ்வொரு பிரதியும் அதனதன் காயங்களோடு தனிப் படமாகிவிடும்.

வெளியிலும் இதே வழக்குதான். 1988-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் பழைய படங்களில் கைவைக்காதீர்கள் என்று வாதாடிய ஜார்ஜ் லூகாஸ், 1997-ல் தன் 'ஸ்டார் வார்ஸ்' படத்திலேயே கைவைத்தார். 1977-ல் வந்த வடிவத்தை ரசிகர்கள்தான் பழைய பிரதிகளிலிருந்து மீட்டெடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் தனுஷின் 'அம்பிகாபதி' மறுபடி வந்தபோது, செத்த நாயகன் செயற்கை நுண்ணறிவால் பிழைத்தான். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் எதிர்த்தும் படம் ஓடியது. உரிமை வைத்திருப்பவரே மாற்றுகிறபோது பழைய பிரதியைக் காப்பது பார்வையாளர் கையில்தான்.

ஆகவே வீட்டு அலமாரியில் பழைய விசிடி இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஒரு வட்டில் ஒன்றேகால் மணி நேரம்தான் அடங்கும் என்பதால் மூன்று மணி நேரப் படம் மூன்று வட்டாக வரும். எதுவும் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கணினியில் படியெடுங்கள். உறையில் வாங்கிய ஆண்டு, ஊர், ஓடும் நேரம், மலாய் எழுத்து உண்டா என்பதையெல்லாம் பேனாவால் குறித்துவிடுங்கள். வட்டின் மேலேயே எழுத வேண்டாம், பால்பாயிண்ட் முனை கீறிவிடும்.