செய்தி ஒளிப்படமும் படக்குறிப்பும்

செய்தி ஒளிப்படம் நாளிதழோடு பிறந்து நாளிதழோடு மடிவது என்றும், இயற்கைக் காட்சிப் படமும் நிலையத்தில் எடுக்கப்படும் உருவப்படமுமே காலத்தைக் கடந்து நிற்பன என்றும் ஒரு கருத்து நிலவுகிறது. நாள்காட்டிகளில் இடம்பெறும் மூணாற்றுத் தேயிலைச் சரிவுகள் இதற்குச் சான்றாகக் காட்டப்படலாம். ஆயின் அப்படங்கள் நிலைத்திருப்பது அவற்றில் காலம் என்பதே இல்லாமையால்தான். 1990இல் எடுத்த படத்தை 2020இல் எடுத்ததாகக் கொண்டாலும் பொருள் மாறுவதில்லை. மொழியியல் நோக்கில் அவை சுட்டற்ற தொடர்களை ஒத்தவை. செய்தி ஒளிப்படமோ 'இவர்', 'இங்கே', 'அன்று' என்னும் சுட்டுகளால் ஆனது. அதன் நிலைபேறு அச்சுட்டுகள் அழியாதிருத்தலைப் பொறுத்தது.

இடுக்கி மாவட்டத்து மூணாற்றில் 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டப் பெண்கள் நடத்திய போராட்டம் இங்கு நோக்கத்தக்கது. முந்தைய ஆண்டு 19 விழுக்காடாக இருந்த போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டிருந்தது. நாட்கூலி 232 ரூபாய். தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கிவிட்டு ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையில் அமர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். ஒன்பதாம் நாள், போனஸும் கருணைத் தொகையுமாக 20 விழுக்காடு தர உடன்பாடு ஏற்பட்டது. நாள்காட்டியில் பச்சைச் சரிவின் நடுவே ஒரு வண்ணப் புள்ளியாக, கொழுந்து கிள்ளும் கையாக மட்டும் வந்தவர் அந்நாட்களின் செய்தி ஒளிப்படங்களில்தான் முகமுடையவராக வந்தார்.

முகம் மட்டும் போதுமா என்பது அடுத்த வினா. படத்தின் பல்பொருள்களுள் ஒன்றைச் சொல்லே நங்கூரமிட்டு நிறுத்துகிறது என்பது ரோலாண் பார்த் 1964இல் கூறிய கருத்து. டோரதியா லாங் 1936இல் கலிபோர்னியாவில் எடுத்த, 'புலம்பெயர்ந்த தாய்' எனப்படும் படத்தில் உள்ளவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978இல்தான் வெளியுலகிற்குத் தெரிந்தது. 42 ஆண்டுகள் படம் உலகெங்கும் சென்றது. பெயர் உடன் செல்லவில்லை. ஒரு பெண் 'தாய்' என்னும் பொதுப்பெயராக மாறியதைப் புகழாகக் கொள்வதா, இழப்பாகக் கொள்வதா? பாலக்காட்டு எல்லையிலுள்ள பிளாச்சிமடையில் இதற்கு மாறான நிலையைக் காணலாம். கொக்கோகோலா ஆலைக்கு எதிராக 2002 ஏப்ரல் 22இல் அங்குத் தொடங்கிய தண்ணீர்ப் போராட்டத்தின் படங்களில் இரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா பெயரோடு நிற்கிறார். அவர் 2007இல் மறைந்தபின்னும் முகமும் பெயரும் பிரியவில்லை.

காட்சிப் படத்திற்கும் செய்திப் படத்திற்கும் இடையிலான எல்லை உறுதியானதன்று என்று மறுத்துரைக்கலாம். அது உண்மையே. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் நிலச்சரிவு லயங்களை மூடி 70 பேரின் உயிரைக் கொண்டது. அந்த லயங்களைப் பனிமூட்டத்திற்காக முன்னர் எடுத்த படம்கூட இனி வெறும் காட்சிப் படமாக நிற்க இயலாது. எனினும் அதனைச் சான்றாக்குவது ஊர்ப்பெயரும் நாளும்தான். அவையின்றேல் அது மீண்டும் நாள்காட்டிக்கே உரியதாகிவிடும்.

எனவே மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு இங்குப் பெரிது. மூணாற்றுப் பெண்கள் தம் அமைப்பிற்கு இட்ட பெயர் 'பெம்பிளை ஒருமை'. இதனைப் 'பெண்கள் ஒற்றுமை' என்று தமிழாக்கினால் பொருள் கிட்டும். எல்லை நிலம் மறைந்துவிடும். 'பெம்பிளை' தமிழ்ப் பேச்சின் 'பொம்பிளை'க்கும் மலையாளப் பேச்சின் 'பெம்பிள'விற்கும் இடைப்பட்டு நிற்கிறது. மலையாளத்தில் 'ஒரும' என்றால் ஒற்றுமை. தமிழ் மாணவர்க்கோ 'ஒருமை' முதலில் இலக்கண எண்ணையே நினைவூட்டும். ஆயிரம் பெண்கள் அமர்ந்திருக்கும் படத்தின் கீழ் 'ஒருமை' என்னும் சொல் நிற்பதை எந்த மொழிபெயர்ப்பாளரும் மாற்றாதிருத்தல் நன்று.

வினைமுற்றில் சிக்கல் இன்னும் நுட்பமானது. மலையாள வினைமுற்று பாலோ எண்ணோ காட்டுவதில்லை. 'கரயுன்னு' என முடியும் ஒரு படக்குறிப்பைத் தமிழாக்குபவர் 'அழுகிறாள்' எனவோ 'அழுகிறார்' எனவோ எழுதியே ஆகவேண்டும். மூலத்தில் இல்லாத மதிப்போ மதிப்பின்மையோ அங்குப் புகுகிறது. அமைச்சருக்குத் தயக்கமின்றி வரும் 'ஆர்' ஈறு, லயத்து வாசலில் நிற்கும் பெண்ணுக்கும் வருமா என்பதைப் படம் எடுத்தவர் தீர்மானிப்பதில்லை. குறிப்பைத் தமிழில் எழுதுபவரே தீர்மானிக்கிறார்.