‘ரோசாவின் பெயர்’: மந்திரமும் மறைபொருளும்

மர்மக்கதை படிப்போன் கதாசிரியனுடன் ஒருவகைப் போட்டியில் இறங்குகின்றான். குற்றவாளி யாரென்பதை நூல் கூறுமுன் தானே கூறிவிட விழைகின்றான். அவ்விழைவு எல்லை கடந்தவிடத்து, கதை முடிந்த பின்னும் தேடல் முடிவதில்லை. சொல்லப்படாத மந்திரங்களும் காட்டப்படாத அறைகளும் நூலினுள் ஒளிந்துகிடப்பதாக அவன் ஊகிக்கத் தொடங்குகின்றான். இத்தகைய ஊகங்களுக்கு உரைகல்லாக அமையும் நாவல், இத்தாலிய அறிஞர் உம்பர்த்தோ எக்கோ (1932–2016) 1980இல் வெளியிட்ட ‘ரோசாவின் பெயர்’ ஆகும்.

கதை நிகழ்வது 1327ஆம் ஆண்டு, வட இத்தாலிய மலையொன்றிலுள்ள துறவிமடத்தில். ஏழு நாள்களுள் துறவிகள் ஒருவர்பின் ஒருவராக இறக்கின்றனர். பிரான்சிஸ்கத் துறவி வில்லியமும் அவர்தம் இளமாணாக்கன் அட்சோவும் காரணம் தேடுகின்றனர். அத்தேடல், புகுந்தோர் வழிதடுமாறும் 56 அறைகள் கொண்ட நூல்நிலையத்தையே சுற்றிச் செல்கின்றது. இரவில் அங்கு நுழைவோர் பேயுருக் காண்கின்றனர்; முனகல் கேட்கின்றனர். ஆயின் ஆசிரியர் இவற்றை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடுகின்றார். பேயுரு, உருவைத் திரித்துக் காட்டும் கண்ணாடியின் வேலை. முனகல், சுவர்த்துளைவழி வரும் காற்று. மயக்கம், எரியும் மூலிகையின் புகை. கொலைக்கருவியும் மந்திரமன்று. இன்று கிடையாத, அரிஸ்டாட்டிலின் நகைச்சுவை பற்றிய நூலின் தாள்களில் தடவிய நஞ்சே அது. விரலை நாவில் நனைத்துத் தாள்புரட்டியோர் மாண்டனர். எனவே இந்நூலில் மந்திரம் தேடுவோர், ஆசிரியர் அரிதின் முயன்று வெளியேற்றியதை மீண்டும் உள்ளே அழைப்போராவர்.

அங்ஙனமாயின் வாசகரின் ஊகமெல்லாம் வீணோ? அன்று. நூல்நிலையத்தின் மறைவை ஆளும் பார்வையற்ற முதியவர் ஹோர்ஹேயிடத்தே ஆர்ஜென்டீன எழுத்தாளர் போர்ஹெஸின் சாயலைப் பலர் கண்டனர். போர்ஹெஸ் முடிவற்ற நூல்நிலையம் பற்றிக் கதை எழுதியவர். பார்வை மங்கிய நிலையில் 1955இல் தம் நாட்டுத் தேசிய நூல்நிலையத் தலைவரானவர். 1983இல் வெளிவந்த பின்னுரையில் எக்கோ இவ்வுறவை ஒப்புக்கொண்டார். மேலும், இரு பாத்திரங்கள் வெவ்வேறிடங்களில் ‘அவசரம்’ பற்றிப் பேசுவதன் தொடர்பை ஒரு வாசகர் வினவியபோது, அவற்றுள் ஒன்றை அச்சுப்படி திருத்துங்காற் சேர்த்ததாகவும் மற்றையதை மறந்திருந்ததாகவும் அவர் கூறினார். எனினும் இரண்டும் நூலில் நிற்பதால், ஆசிரியர் எண்ணாத அவ்வினாவும் நூலுக்கு உரியதே என அவர் கொண்டார்.

ஊகத்தின் வலிமையையும் வழுவையும் நாவலே காட்டுகின்றது. தொடக்கத்தில் வில்லியம், பனியிற் பதிந்த குளம்படியும் முறிந்த கிளையும் கொண்டு, தாம் காணாத குதிரையைப் பற்றிச் சரியாக உரைக்கின்றார். பின்னர் அலினார்டோ என்னும் முதியவரின் சொல்லைப் பற்றி, விவிலியத்தின் வெளிப்படுத்தல் நூல் கூறும் ஏழு எக்காளங்களின் வரிசையில் இறப்புகள் நிகழ்வதாக எண்ணுகின்றார். உண்மையில் முதலில் இறந்தவர் தற்கொலை செய்தவர். ஏனைய ஒற்றுமைகள் தற்செயலானவை. அவ்வூகம் செவிக்கெட்டிய ஹோர்ஹேயும் அதனை இறைவன் வகுத்த திட்டமென நம்பிவிடுகின்றார். பொய்யான ஒழுங்கைப் பின்தொடர்ந்தே குற்றவாளியை அடைந்ததை வில்லியம் இறுதியில் உணர்கின்றார்.

‘உய்த்துணர வைப்பு’ என்பதனை நூலுத்திகளுள் ஒன்றாகத் தமிழிலக்கணம் கூறும். சொல்லாததைச் சொன்னவற்றைக்கொண்டு அறியவைத்தல் அது. குதிரையைப் பற்றிய துணிபு இவ்வகையது. எக்காளங்களைப் பற்றியது அன்று. 1990இல் கேம்பிரிட்ஜிற் பேசிய எக்கோ, ஆசிரியர் கருத்துக்கும் வாசகர் கருத்துக்கும் இடையே நூலின் கருத்து என ஒன்று உண்டென்றார். ஓரிடத்திற் பிறந்த ஊகத்தை நூலின் பிறவிடங்கள் மறுக்குமாயின், எத்துணை அழகியதாயினும் அது தள்ளத்தக்கதே.

ஹோர்ஹே, சிரிப்பைப் பற்றிய நூல் அச்சத்தை அழிக்குமென்று அதனை மறைத்தார். முடிவில் நூல்நிலையமே எரிந்தது. நூலை வாசகனிடமிருந்து மறைப்பது பெருங்குற்றம். நூலில் இல்லாததை அதன்மேற் சுமத்துவது அதனிற் சிறிய குற்றமே. ஆயினும் அதனால் கையிலுள்ள நூலும் படிக்கப்படாமற் போகின்றது. வாசகர் ஊகிக்கட்டும், ஊகித்தபின் நூலை மீண்டும் ஒருமுறை படிக்கட்டும்.