அரக்குக் காபியின் புளிப்பு

தமிழ்நாட்டுக் காபிப் பிரியர் ஒருவருக்கு அரக்குக் காபியை முதல்முறையாகக் கொடுத்தால் அவர் முகம் சுளிக்கத்தான் வாய்ப்பு அதிகம். நமக்குக் காபி என்றால் கறுப்பாக இறங்கிய டிகாக்‌ஷன், அதைத் தணிக்கும் பால், அப்படியும் அடிநாக்கில் தங்கிவிடும் கசப்பு. பீபரி பாதி, பிளாண்டேஷன் ஏ பாதி, மேலே கொஞ்சம் சிக்கரி என்று தலைமுறை தலைமுறையாகக் கடையில் சொல்லி வாங்கிய நாக்கு நம்முடையது. அந்த நாக்கில், மிதமாக வறுத்து, பால் சேர்க்காமல் இறக்கிய அரக்கு அரபிகா விழுந்தால் முதலில் தெரிவது புளிப்பு. "ஊசிப்போச்சா?" என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊசவில்லை. கமலா ஆரஞ்சின் தோலைக் கிள்ளினால் வருகிற அந்தத் துள்ளல், அதன் பின்னால் வெல்லத்தின் சாயலில் ஒரு இனிப்பு, கடைசியில் கசப்பு என்று சொல்ல முடியாத ஒரு மெல்லிய கொக்கோ வாசனை. ஆறினாலும் குடிக்க முடிகிறது. ஆறிய பிறகுதான் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்வேன். ஆறிய காபி காட்டிக்கொடுத்துவிடும். சூட்டில் ஒளிந்திருந்த குறையெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். இதில் அப்படி எதுவும் வரவில்லை.

இந்தச் சுத்தத்தைத்தான் நான் ரசிக்கிறேன். அது மண்ணும் மலையும் மட்டும் கொடுத்ததில்லை. கைகள் கொடுத்தது. அந்தக் கைகளுக்குக் கிடைக்கிற கூலிக்கும் கோப்பையில் இருக்கிற ருசிக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பதற்கு இந்தியாவில் அரக்கைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

அரக்குப் பள்ளத்தாக்கு விசாகப்பட்டினத்துக்கு மேலே கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. 2022-இல் பிரித்து உருவாக்கப்பட்ட அல்லூரி சீதாராம ராஜு மாவட்டம். காபி வளர்வது கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 முதல் 1,100 மீட்டர் உயரத்தில். குடகு, சிக்கமகளூரோடு பார்த்தால் இது வெகுவாக வடக்கே தள்ளியிருக்கிற காபி நாடு. டிசம்பர் இரவுகளில் குளிர் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். குளிரில் பழம் நிதானமாகப் பழுக்கிறது. நிதானமாகப் பழுத்த பழத்தில் சர்க்கரை சேர்கிறது. பயிரிடுகிறவர்கள் பகதா, கொண்டதொரா, கோட்டியா, வால்மீகி, கதபா முதலான ஆதிவாசி மக்கள். ஆளுக்கு ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர். எஸ்டேட், மேனேஜர், பங்களா என்று நம் மனத்தில் ஊறிப்போன காபித் தோட்டப் படத்தை இங்கே மறந்துவிட வேண்டும். இந்தியா முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் அந்தப் படம் பொய்தான். நாட்டின் காபிப் பண்ணைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, பத்து ஹெக்டேருக்கும் குறைவானவை.

இந்த மலைத்தொடரில் காபி முதலில் வந்தது 1898-இல், கிழக்கு கோதாவரிப் பக்கம் பாமுலேரு பள்ளத்தாக்கில், ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் முயற்சியில். பிறகு மெல்ல அரக்குப் பக்கம் ஏறியது. ஆனால் மலைமக்களின் விவசாயம் வேறு. காட்டின் ஒரு துண்டை வெட்டி எரித்து, சாம்பலில் கேழ்வரகும் சாமையும் விதைத்து, சில வருஷம் கழித்து அடுத்த துண்டுக்கு நகர்வார்கள். தெலுங்கில் போடு என்பார்கள். அதைக் குறைக்க அரசு தேடிய வழிகளில் காபியும் ஒன்று. அரபிகா நிழல் கேட்கும் செடி. நிழல் வேண்டுமானால் மரம் நிற்க வேண்டும். வனத்துறை, காபி வாரியம், பாடேரு பழங்குடியினர் மேம்பாட்டு முகமை, 1956-இல் தொடங்கிய கிரிஜன் கூட்டுறவுக் கழகம் என்று பலர் கைவைத்த வேலை இது. எல்லாம் நன்றாகச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். வேகமாக வளர்கிறதே என்று மலைச்சரிவெங்கும் சில்வர் ஓக்கை நட்டுத் தள்ளியதில் எனக்கு மனக்குறை உண்டு. பலாவும் மாவும் நின்று நிழல் தருகிற தோட்டத்தின் அடர்த்தி அதில் வராது. ஆனாலும் மரம் நின்றது. சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏறியது, காபி விலை சரிந்த வருஷங்களில் மிளகு கைகொடுத்தது.

செடி வளர்ந்தால் மட்டும் நல்ல காபி வந்துவிடாது. நெடுங்காலம் இங்கே நடந்தது இதுதான். செங்காய், பச்சைக்காய், பழம் எல்லாவற்றையும் ஒரே உருவில் உருவிப் பறிப்பார்கள். அதை வாசலில் மண்தரையில் கொட்டிக் காயவைப்பார்கள். காய்ந்ததை வாரச் சந்தையில் தரகரிடம் போடுவார்கள், அவர் சொன்னதுதான் விலை. மண்தரையில் காய்ந்த காபியில் மண் வாசனை ஏறும், ஈரம் ஏறினால் பூஞ்சை வாசனையும் ஏறும். பச்சைக்காய் கலந்தால் காபியில் துவர்ப்பும் வேர்க்கடலைத் தோலின் காறலும் வரும். இதையெல்லாம் மறைக்கத்தான் கறுக வறுப்பதும் சிக்கரி கலப்பதும் இருக்கவே இருக்கின்றன. விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. நல்ல பழத்துக்கும் கெட்ட காய்க்கும் ஒரே விலை என்றால், பொறுக்கிப் பறிக்க எவருக்குப் பைத்தியம்?

பழம் பொறுக்கிப் பறிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தால்தான் இந்தக் கேள்வியின் கனம் புரியும். ஒரு கொத்தில் எல்லாப் பழமும் ஒன்றாகப் பழுக்காது. நவம்பரிலிருந்து ஜனவரி, பிப்ரவரி வரை ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை திரும்பத் திரும்ப வர வேண்டும். அடர்சிவப்பான பழத்தை மட்டும், காம்பு செடியிலேயே நிற்கும்படி, திருகி எடுக்க வேண்டும். காம்போடு பிய்த்தால் அடுத்த வருஷத்து மொட்டுக்குச் சேதம். பறித்ததை அன்று மாலைக்குள் மலையிலிருந்து இறக்கியாக வேண்டும். இரவு சாக்கிலேயே கிடந்தால் பழம் உள்ளுக்குள் சூடேறிப் புளிக்கத் தொடங்கிவிடும். அந்தப் புளிப்பு நான் மேலே சொன்ன புளிப்பில்லை, காடிப் புளிப்பு.

பழம் பதப்படுத்தும் நிலையத்துக்கு வந்ததும் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுகிறார்கள். சொத்தையும் பதரும் மிதக்கும், அவற்றைத் தள்ளிவிடுவார்கள். மூழ்கியது தோலுரிக்கும் பல்பருக்குப் போகும். தோல் நீங்கிய கொட்டையின் மேல் வழவழவென்று ஒரு தேன் பூச்சு இருக்கும். அதைக் கரைக்கத் தொட்டியில் ஒரு நாள், குளிர் அதிகமென்றால் ஒன்றரை நாள் வரை புளிக்கவிட வேண்டும். எப்போது நிறுத்துவது? வீட்டில் தோசைமாவு பொங்கும் பதம் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடிகாரம் பாதிதான் சொல்லும். மீதியைக் கை சொல்ல வேண்டும்: கொட்டையை உள்ளங்கையில் அள்ளித் தேய்த்தால் வழுக்கல் போய்ச் சொரசொரப்பு தட்டுப்பட வேண்டும். சற்று முந்தினால் காபி மந்தமாகும், பிந்தினால் நாற்றமெடுக்கும். பிறகு நல்ல நீரில் அலசி, தரையில் படாமல் வலைமேசைகளில் பரப்பி, வெயில் ஏற ஏறக் கிளறி, ஈரம் பதினொன்று பன்னிரண்டு சதவீதத்துக்கு வரும்வரை காயவைக்கிறார்கள். நண்பகல் வெயில் கடுமையானால் மூடிவைப்பதும் உண்டு. அவசரமாகக் காய்ந்த கொட்டையின் மேலுறை வெடித்துவிடும்.

ஆறு கிலோ பழத்தில் ஒரு கிலோ பச்சைக்கொட்டை தேறும். வறுத்தால் அதிலும் ஆறில் ஒரு பங்கு போய்விடும். நம் கையில் இருக்கிற கால் கிலோ பொட்டலத்துக்குள் சுமார் 1.8 கிலோ பழம் இருக்கிறது, ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கையால் பறித்தது.

2000-க்குப் பிறகு நாந்தி என்ற அறக்கட்டளை அரக்கில் வேலை தொடங்கியது. சிறு, குறு ஆதிவாசி விவசாயிகளைக் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்த்து, காய்ந்த கொட்டைக்குப் பதிலாகப் பழத்தையே, பழுத்த தரத்துக்கேற்ற விலையில் வாங்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். எனக்குப் பிடித்த மாற்றம் இதுதான். புளிக்கவைப்பது, காயவைப்பது முதலிய கத்திமுனை வேலைகளை ஒரு பொது நிலையம் ஏற்றுக்கொண்டது. விவசாயியிடம் கேட்டது ஒன்றே: பழுத்ததைக் கொண்டுவா, கூடுதலாகத் தருகிறோம். கொண்டுவந்தார்கள். 2017-இல் பாரிஸில் அரக்கு என்ற பெயரிலேயே கடை திறந்தது. 2019-இல் அரக்குப் பள்ளத்தாக்கு அரபிகாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு தலைமுறைக்கு முன் சந்தையில் சாக்கோடு எடைபோட்ட சரக்கு இது.

இயற்கை வேளாண்மை என்ற முத்திரையைப் பற்றி எனக்கு இரண்டு மனம். அரக்கு விவசாயி பலகாலமாக உரமும் மருந்தும் வாங்க வசதியில்லாமலேயே பயிர் செய்தவர். அவருடைய வறுமைக்குச் சான்றிதழ் கொடுத்து விலையேற்றுவது என்று கிண்டல் செய்யலாம். ஆனால் ஒன்றும் போடாமல் விடுவது வேறு, மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பது வேறு. பழத்தோலையும் சாணத்தையும் இலைச்சருகையும் மக்கவைத்து, குழியெடுத்து, ஒவ்வொரு செடிக்கும் போடுவது உரமூட்டையைப் பிரிப்பதைவிடப் பத்து மடங்கு உழைப்பு. சான்றிதழுக்கும் மெனக்கெட வேண்டும். ரசாயனம் தொட்ட நிலமென்றால் மாறுவதற்கே மூன்று வருஷம். சிறு விவசாயி தனியாகச் செலவு தாங்க மாட்டார் என்பதால் குழுவாகச் சான்று பெறுகிறார்கள். ஊருக்குள்ளேயே ஒருவர் தோட்டத்தை இன்னொருவர் சோதித்து ஏட்டில் எழுத வேண்டும். ஒருவர் தவறினால் எல்லோருக்கும் கெடும். அந்த ஊர்க்கட்டுப்பாட்டைத்தான் நான் மதிக்கிறேன், பொட்டலத்தின் பச்சை இலைப் படத்தை அல்ல.

கூலியைப் பற்றிப் பேசினால் இன்னொரு முத்திரையையும் பேச வேண்டும்: நியாய விலை வணிகம். அந்த முத்திரை அரக்கில் பிறந்ததில்லை. அதன் பிறப்பிடம் மெக்சிகோவின் வாஹாகா மாநிலத்து மலைகள். அங்கே பழங்குடி விவசாயிகள் 1983-இல் யூசிரி என்ற கூட்டுறவை அமைத்தார்கள். அவர்களோடு வாழ்ந்த டச்சுப் பாதிரியார் ஃப்ரான்ஸ் வான் டெர் ஹாஃப், நீக்கோ ரோசன் என்பவரோடு சேர்ந்து 1988-இல் நெதர்லாந்தில் ஒரு முத்திரையைக் கொண்டுவந்தார். பெயர் மாக்ஸ் ஹாவெலார். ஜாவாவில் டச்சு ஆட்சி குடியானவர்களைக் கசக்கிப் பிழிந்ததைப் பற்றி 1860-இல் வந்த நாவலின் நாயகன் அவன். அடுத்த வருஷமே உலகக் காபி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீடு உடைந்து விலை சரிந்தது. 2001-இல் நியூயார்க்கில் அரபிகா ஒரு ராத்தல் ஐம்பது சென்ட்டுக்கும் கீழே போனது. பறிகூலிக்குக்கூடக் கட்டாத விலை அது.

முத்திரையின் கணக்கு எளிது. கழுவிய அரபிகாவுக்கு ராத்தலுக்குக் குறைந்தபட்சம் 1.80 டாலர் என்று 2023-இல் நிர்ணயித்தார்கள். சந்தை அதற்கு மேல் போனால் சந்தை விலை. கூட்டுறவின் பொதுக் காரியங்களுக்கு இருபது சென்ட். இயற்கை முறையில் விளைந்ததென்றால் இன்னும் நாற்பது சென்ட். இந்தப் பணம் கூட்டுறவுக்குப் போகிறது, விவசாயி கையில் அப்படியே விழுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2025 தொடக்கத்தில் சந்தை விலை நான்கு டாலரைத் தாண்டியபோது இந்த அடிவிலைக்கு வேலையே இருக்கவில்லை. அது விழும் நாளுக்கான கயிறு, ஏறும் நாளுக்கான ஏணியாகாது. ருசிக்கும் அது உத்தரவாதம் தராது. முத்திரை குத்திய சப்பென்ற காபியும் குடித்திருக்கிறேன்.

அரக்கிலும் எல்லாம் நிலைத்துவிடவில்லை. 2014 அக்டோபரில் ஹுத்ஹுத் புயல் நிழல்மரங்களை வேரோடு சாய்த்தது, செடிகள் அடியில் நசுங்கின. புதுக்கன்று காய்க்க மூன்று நான்கு வருஷம். 2025-இல் காய்த்துளைப்பான் வண்டு இந்த மலைக்கும் வந்துவிட்டது. பாதித்த காய்களைப் பறித்து அழிக்க வேண்டியிருந்தது. மருந்தடிக்காமல் அந்த வண்டைச் சமாளிக்க முக்கியமான வழி, விழுந்த பழத்தையும் செடியில் விடுபட்ட பழத்தையும் ஒன்றுவிடாமல் பொறுக்குவது. அதற்கும் கூலி வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அரக்கு என்ற பெயரில் பல சரக்கு கிடைக்கிறது. கிரிஜன் கழகத்தின் பொட்டலம் வேறு, பாரிஸ் போகிற பொட்டலம் வேறு, மலையடிவாரத்தில் சுற்றுலா ரயிலுக்குக் காத்திருப்பவர்களிடம் விற்பது வேறு. வறுத்த தேதி அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள், ஒரு மாதத்துக்குள் என்றால் எடுங்கள். சிக்கரி கலந்திருந்தால் சதவீதத்தை அச்சிட வேண்டும் என்பது சட்டம், அதையும் படியுங்கள். மிதமான வறுவலாகக் கேளுங்கள். நம் பித்தளை ஃபில்டரே போதும், பொடி கொஞ்சம் கொரகொரப்பாக இருக்கட்டும், பொடியை அழுத்த வேண்டாம். தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை ஒரு நிமிஷம் விட்டு ஊற்றுங்கள். முதல் டம்ளரைப் பாலும் சர்க்கரையும் இல்லாமல், அவசரப்படாமல் குடித்துப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் இரண்டாவதில் தாராளமாகப் பால் ஊற்றிக்கொள்ளலாம்.