பிரச்னையும் பாஷையும்

சர்வகலாசாலை மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க ஒரு மார்க்கம் சொல்கிறார்கள். இலக்கணப் பாடத்தை ஒதுக்கிவிட்டு ஒரு பிரச்னையைக் கொடுக்க வேண்டும். ஐந்தாறு பேர் கூடி அதை ஆங்கிலத்திலேயே ஆராய்ந்து முடிவு சொல்ல வேண்டும். பாஷை தானாக வந்துவிடும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆயினும் எனக்குச் சில சந்தேகங்கள் உண்டு.

இதன் பூர்வீகம் பாஷை வகுப்பல்ல, வைத்தியக் கல்லூரி. கனடாவில் ஹாமில்டன் நகரத்து மக்மாஸ்டர் சர்வகலாசாலையில் 1969-இல் தொடங்கிய வைத்தியப் படிப்பில், முதலில் பாடம், பிறகு நோயாளி என்ற வரிசையை மாற்றினார்கள். நோயாளியின் விவரத்தை முதலில் கொடுத்தார்கள். நமக்கு எது தெரியும், எது தெரியாது என்று சிறு குழு பேசும். தெரியாததைப் படித்துவிட்டு மறுபடி கூடும். ஆசிரியர் துணை இருப்பாரே தவிர, பிரசங்கம் செய்யமாட்டார்.

வைத்தியத்துக்கு இது பொருந்தும். அங்கே பேசுகிற பாஷை மாணவன் கையில் ஏற்கெனவே இருக்கிறது. நம் மாணவனுக்கோ அதுதான் குறை. நீந்தத் தெரியாதவனிடம் ஆற்றின் ஆழத்தை அளந்துவரச் சொன்னால் என்ன ஆகும்?

அதற்காக முறையையே தள்ளிவிடலாமா? கூடாது. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு சோதனை நடத்தினார். பெங்களூர்த் திட்டம் என்று அதற்குப் பெயர். ரயில் அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போகலாம் என்று தீர்மானிப்பது, வரைபடத்தில் வழி கண்டுபிடிப்பது, இப்படிப்பட்ட வேலைகளே பாடம். கவனம் அர்த்தத்தில் இருக்கும்போது இலக்கணம் உள்ளே தானாகப் படியும் என்பது அவர் கட்சி. 1987-இல் அதை விளக்கிப் புத்தகமும் எழுதினார்.

அவருடைய கருத்துகளில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒன்று. பிரச்னையை நம்பிய அவர் குழுவை நம்பவில்லை. அரைகுறையாகத் தெரிந்தவர்கள் தங்களுக்குள் பேசினால் ஒருவர் பிழை மற்றவருக்கு ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தார். ஆசிரியர் வகுப்பு முழுவதோடும் பேசி ஒரு வேலையைச் செய்துகாட்டுவார். அதேபோன்ற இன்னொன்றை ஒவ்வொரு பிள்ளையும் தானே செய்து பார்க்கும்.

நம் கல்லூரிக் குழுக்களை நினைத்துப் பாருங்கள். கான்வென்டில் படித்த ஒருத்தி பேசுவாள். தமிழில் படித்துவிட்டு வந்தவன் தலையாட்டுவான். அறிக்கை அழகாக வரும். மார்க்கு ஐந்து பேருக்கும் விழும். ஆங்கிலம் மட்டும், இருக்கிறவளிடமே இன்னும் கொஞ்சம் சேரும். வாய் திறக்காத பையன் மூன்று வருஷமும் அப்படியே இருந்துவிட்டு, கடைசியில் உத்தியோகப் பேட்டியில் போய் விழிப்பான். முறையின் வெற்றி தோல்வியை அவனை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

குழு தமிழில் பேசிவிட்டால் குற்றம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யோசிப்பதைத் தமிழில் யோசிக்கட்டும். முடிவை ஆங்கிலத்தில் சொல்லும் பொறுப்பை அந்தப் பையனிடம் கொடுக்கட்டும். அவன் தடுமாறும் இடத்தில் வாக்கியத்தை எடுத்துக் கொடுக்க ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும். பிரச்னையும் அவனுடையதாக இருக்கட்டும். விடுதிக் குழாயில் தண்ணீர் வராததைப் பற்றி அவனுக்குச் சொல்ல நிறைய உண்டு. லண்டன் விடுமுறைப் பயணத்தைப் பற்றி என்ன இருக்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாஷை காரியத்துக்கு மட்டும் அல்ல. எந்தப் பிரச்னையையும் தீர்க்காத ஒரு நல்ல கதையை, தீர்க்கவில்லை என்பதற்காகவே படித்து மகிழவும் மாணவனுக்குத் தெரிய வேண்டும். அதற்கும் கால அட்டவணையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், இந்த முறைக்கு என் ஓட்டு உண்டு.