மனமொப்பாத அனுமதி: சோஞ் பெனெடெட்ச் சிற்றாலயம்

சுவிட்சர்லாந்தின் கிரௌபுண்டன் மாநிலத்தில், சும்விட்ச் ஊராட்சியைச் சேர்ந்த மலைச்சிற்றூர் சோஞ் பெனெடெட்ச். 'புனித பெனடிக்ட்' என்பது இப்பெயரின் பொருள். இங்கு வழங்குவது, 1938இல் அந்நாட்டின் நான்காவது தேசிய மொழியாக ஏற்கப்பட்ட ரொமான்ஷின் சுர்சில்வான் கிளைமொழி. இலத்தீனின் 'க்த்' மெய்ம்மயக்கம் இதில் 'ட்ச்' போன்ற அண்ண ஒலியாகத் திரியும். 'பெனெடிக்துஸ்' 'பெனெடெட்ச்' ஆனதும், பாலைக் குறிக்கும் 'லாக்தெம்' 'லாட்ச்' ஆனதும் இவ்வகைத் திரிபே.

இவ்வூரின் பரோக் பாணிச் சிற்றாலயம் 1984இல் பனிச்சரிவால் அழிந்தது. அதன் அருகே புதிதாக அமைந்த வண்டி நிறுத்துமிடம் சாய்தளம்போல் நின்று பனியை ஆலயத்தின்மீது திருப்பிவிட்டது. பழைய வடிவத்தையே மீண்டும் எழுப்பாமல், தம் காலத்துக்குரிய கட்டடத்தை டிசென்டிஸ் துறவுமடத்தாரும் ஊர்ப் பங்குக்குருவும் விரும்பினர். பீட்டர் சும்தோர் வடிவமைத்த புதிய சிற்றாலயம், காடு அரணாக நிற்கும் மேட்டில் 1988இல் திறக்கப்பட்டது. ஊராட்சி அனுமதி வழங்கியது. ஆனால் 'சென்ட்சா பெர்ஷுவாசியுன்' என்னும் குறிப்பையும் உடன் சேர்த்தது.

கட்டடத்தின் தரைப்படம் இலை வடிவினது. உள்ளே 37 மரத்தூண்கள் சுவரை ஒட்டாமல் நின்று கூரையைத் தாங்குகின்றன. கூரையை ஒட்டிய சாளர வரிசை வழியாக மேலிருந்தே ஒளி இறங்குகிறது. புறச்சுவரைப் போர்த்திய லார்ச் மர ஓடுகள் வெயில் படும் தென்புறத்தில் கருமையும், வடபுறத்தில் வெள்ளிச் சாம்பல் நிறமும் அடைகின்றன.

உள்ளூர்ப் பொருளால் ஆனதால் இக்கட்டடம் உள்ளூர் மொழியைப் பேசுகிறது என்பது திறனாய்வாளரின் வழக்கமான பாராட்டு. இது பாதி உண்மையே. அப்பள்ளத்தாக்கில் மரம் வீட்டுக்கும் தொழுவத்துக்கும் உரியது. ஆலயங்களோ பெரும்பாலும் வெண்சாந்து பூசிய கற்கட்டடங்கள். ஆகவே சும்தோர் கையாண்ட சொல் ஊருடையதாயினும் அதன் வழக்குநிலை மாறியுள்ளது. வீட்டுச் சொல் வழிபாட்டு நடைக்குள் புகுந்துள்ளது. கட்டடத்தின் வலிமையும் இதுவே. வழக்கறிந்த ஊரார்க்குத் தயக்கம் தோன்றுவதும் இயல்பே. அத்தயக்கத்தை அறியாமை எனத் தள்ளுவது பொருந்தாது.

எனவே அக்குறிப்பின் மொழிபெயர்ப்பு கட்டடத்தின் மதிப்பீட்டையும் தொடுகிறது. 'எதிர்ப்புடன்' என்றால் இசைவு மறைகிறது. 'அரைமனத்துடன்' என்றால் மறுப்பு நீர்த்துப்போகிறது. தமிழ் ஆவணங்களில் வழங்கும் 'மனப்பூர்வமாகச் சம்மதித்து' என்னும் தொடர் இங்கு வழிகாட்டும். அத்தொடர் உறுதிசெய்யும் மன ஒப்புதலை மட்டுமே ஊராட்சி விலக்கியது, சம்மதத்தை விலக்கவில்லை. ஆதலின் 'மனமொப்பாமல்' என்பதே நெருங்கிய ஆக்கம். கட்டடத்தைப் புகழும் எழுத்துகள் இச்சொல்லை வேடிக்கைச் செய்தியாக்காமல், அதன் வரலாற்றின் ஓர் உறுப்பாகவே கொள்ளுதல் தகும்.