திசை சொல்லும் ஒலி

பார்வையற்றோர் தனியே நடந்து செல்ல உதவும் ஜி.பி.எஸ். செயலிகளில், மைக்ரோசாஃப்ட் 2018இல் வெளியிட்ட சவுண்ட்ஸ்கேப்புக்குத் தனி அழகு இருந்தது. ‘இடப்பக்கம் திரும்பவும்’ என்று அது ஆணையிடாது. சேர வேண்டிய இடம் இருக்கும் திசையிலிருந்தே ஹெட்போனில் ஓர் ஒலி வந்துகொண்டிருக்கும். நடப்பவர் அதற்கு நேராகத் திரும்பியதும் தொனி மாறும். வலப்பக்கம் வரும் கடையின் பெயர் வலப்பக்கமிருந்தே கேட்கும். எந்தச் சந்தில் நுழைவது என்பது நடப்பவரின் விருப்பம். இந்த மரியாதைதான் அதன் சிறப்பாக இருந்தது.

வாகன இரைச்சலும் கேட்டாக வேண்டும் என்பதால் காதை அடைக்காத, எலும்புவழி ஒலி கடத்தும் ஹெட்போன்களே ஏற்றவை. திறந்த வெளியிலேயே செல்பேசியின் இடக்கணிப்பு சுமார் 5 மீட்டர் பிசகலாம். அதனால் படி, பள்ளம், வாசற்கதவு ஆகியவற்றைக் காட்டுவது வெண்கோல்தான். 2023இல் மைக்ரோசாஃப்ட் செயலியை நிறுத்தி, அதன் நிரலைப் பொதுவில் வைத்தது. அதிலிருந்து வாய்ஸ்விஸ்டா போன்ற செயலிகள் உருவாயின.